கிளம்பியது யார்?

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரை வீட்டை விட்டு வெளியேறிய 16 வயது வேங்கடராமன் எழுதிவைத்த கடிதத்தில் வினைமுற்றுகளே கூர்ந்து பார்க்க வேண்டியவை. கிளம்பியதைச் சொல்லும் முதல் வாக்கியம் தன்மை ஒருமையில் அமைந்திருக்கிறது. அடுத்ததில் ‘நான்’ மறைந்து ‘இது’ வந்துவிடுகிறது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான்.

பேசுவோரையும் கேட்போரையும் நோக்கி நிகழ்வது வருதல், படர்க்கையை நோக்கியது செல்லுதல் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. ஆகவே ஒரே பயணம் மதுரையில் இருப்போருக்குப் போதல், திருவண்ணாமலையில் இருப்போருக்கு வருதல். செப்டம்பர் 1 அன்று வந்தவர், ரமணராக 1950 ஏப்ரல் 14-இல் மறையும்வரை அங்கேயே இருந்தார்.

போக்கும் வரவும் உடலுக்கே, ஆன்மாவுக்கு இல்லை என்பது அவர் போதனை. இறுதி நாட்களில், விட்டுப் போய்விடாதீர்கள் என்று கலங்கிய அடியார்களிடம், எங்கே போவது என்றே அவர் திருப்பிக் கேட்டார்.