பிள்ளைக்காக என்னும் நியாயம்

புலம்பெயர்ந்து செல்வோரிடம் காரணம் வினவினால், பெரும்பாலும் கிடைக்கும் விடை 'பிள்ளைகளின் படிப்புக்காக' என்பதே. வேலை, வருமானம், நாட்டு நிலைமை என்று தொடங்கும் பேச்சும் ஈற்றில் அங்கேயே வந்து நிற்கும். இவ்விடையின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆயின், உடன்படவோ மறுக்கவோ இயலாத ஒரு குழந்தையின் பெயரால் இத்தகைய முடிவை எடுக்கும் உரிமை பெற்றோர்க்கு எங்கிருந்து வருகின்றது, அது எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

என் தமக்கையார் ஒரு தாதி. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து, கணவரோடும் ஐந்து வயது மகளோடும் இலண்டன் சென்றார். அங்கு பாடசாலை தேடுவது, இங்கு முதலாம் வகுப்புக்கு அனுமதி தேடி அலைவதிலிருந்து முற்றிலும் வேறுபட்டதன்று. அரசாங்கப் பாடசாலையிற் கட்டணமில்லை. ஆனால் இடத்துக்குப் போட்டி மிகுந்தால் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள தூரம் அளக்கப்படுகின்றது. நல்ல பாடசாலையின் அயலில் வீட்டு வாடகையும் ஏறிவிடுகின்றது. இளஞ்சிறார் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேற் கூடாது என்பது 1998 இன் சட்டத்தால் வந்த வரையறை. நல்ல வரையறைதான்; எனினும் ஆண்டின் நடுவிலே போய் இறங்கும் குடும்பத்துக்கு அதுவே மதிலாகிவிடுகின்றது. வீட்டுக்கு அருகே, தமிழ்ப் பிள்ளைகள் பலர் படிக்கும் பாடசாலையில் இடமில்லை. காத்திருப்போர் பட்டியலிற் பெயர் பதியப்பட்டது. இரண்டு பஸ் ஏறிச் செல்லவேண்டிய வேறொன்றில் இடமிருந்தது. அவ்வகுப்பில் தமிழ்ப் பிள்ளை ஒருவரும் இல்லை. தமக்கையார் அதனை நட்டமாகக் கருதவில்லை. "அதுவும் நல்லதுதான், இங்கிலிஷ் கெதியாய் வந்திடும்" என்றார்.

இதே நியாயத்தை அந்நாட்டு அரசாங்கமும் ஒரு காலத்திற் கூறியதுண்டு. 1965 இல் கல்வித் திணைக்களம் விடுத்த சுற்றறிக்கை, குடியேறியோரின் பிள்ளைகள் ஒரு பாடசாலையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை மிஞ்சாதவாறு பிற பாடசாலைகளுக்குப் பகிர்ந்தனுப்பப்படுவதை ஆதரித்தது. மேற்கு இலண்டனிலுள்ள சவுத்தோலிலிருந்து பஞ்சாபிச் சிறுவர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மொழி விரைவிற் கைவரும் என்பது சொல்லப்பட்ட காரணம். வெள்ளையரான பெற்றோரின் மனக்குறையைத் தணிப்பது அதன் அடியிற் கிடந்த காரணம். வெள்ளைப் பிள்ளைகள் எதிர்த்திசையில் ஏற்றப்படவில்லை. அரசு செய்தபோது அநீதியாகத் தோன்றுவது, தாய் செய்யும்போது அன்பாகத் தோன்றுவதேன்? தாய் எவரையும் வேண்டாதவர் எனத் தள்ளவில்லை. அது பெரிய வேறுபாடுதான். ஆயினும் பஸ்ஸில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அவ்வேறுபாடு தெரியுமோ?

பெற்றோரின் அதிகாரத்தை ஜோன் லொக் கடமையிலிருந்தே பெறுகின்றார். பிள்ளையின் அறிவு முதிரும்வரை அதனைப் பேணும் கடமை உண்டு. அதனாலேயே அதிகாரமும் உண்டு. முதிர்ச்சியோடு அது முடிந்துவிடும். 1980 இல் ஜோயல் பைன்பேர்க் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் எழுதிய கட்டுரையொன்று இதனை மேலும் கூர்மையாக்கியது: பிள்ளை வளர்ந்தபின் தானே தெரிந்துகொள்ள வேண்டிய வழிகளை இன்று நாம் அடைத்துவிடலாகாது என்பது அதன் சாரம். மேலோட்டமாக நோக்கின் இவ்வாதம் தமக்கையாருக்கே துணைநிற்கும். ஆங்கிலம் எத்தனை வழிகளைத் திறக்கின்றது! கற்றோர் அவையிலே பிள்ளையை முன்னிற்கச் செய்வதைத் தந்தையின் உதவியாக வள்ளுவரும் கூறினார். ஆயின் எந்த அவையில் என்ற வினா அவர் காலத்தில் எழவேண்டியிருக்கவில்லை.

விட்டுவந்த வீட்டையும் தோழரையும் பற்றி, வளர்ந்த பிள்ளை என்றோ ஒருநாள் பெற்றோரிடம் முறையிடலாம். மொழியை இழத்தல் அத்தகையதன்று. முறையிடும் வாயையும் அது கூடவே கொண்டு போய்விடுகின்றது. இருபது வயதிலே தமிழறியாத ஒருத்தி 'எனக்கு ஒரு குறையுமில்லை' என்பாளாயின், அது பெற்றோரின் முடிவு சரியானது என்பதற்குச் சான்றாகாது. அம்முடிவே அச்சான்றை ஆக்கிவிட்டது. இவ்வாதம் என்னையும் வெட்டும் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். தமிழ்மொழி மூலம் கற்று அதிலே மனநிறைவு கொண்டவனின் சாட்சியமும் அவ்வாறு ஆக்கப்பட்டதுதானே.

மருமகள் முதற்பருவம் முழுவதும் வகுப்பில் வாய்திறக்கவில்லை. புதிய மொழியின் நடுவே விடப்பட்ட சிறார் சிலர் சில காலம் மௌனமாயிருப்பது வழமை என்று ஆசிரியை ஆறுதல் கூறியதோடு, வீட்டில் தமிழே பேசுங்கள் என்றும் சொன்னாராம். இரவுக் கடமை முடிந்து வரும் தாய்க்கு அது எளிதன்று. இப்பொழுது அவள் தொலைபேசியில் அம்மம்மாவின் கேள்விகளை விளங்கிக்கொள்கின்றாள். விடையைத் தாயிடம் ஆங்கிலத்திற் கூற, தாய் அதனை எங்களுக்குச் சொல்கின்றார். இதனைக் குறிப்பிட்டுச் சற்றுக் கடுமையாகவே பேசினேன். "நீ தமிழைப் படிக்கிறாய். நான் பிள்ளையை வளர்க்கிறன்" என்றார் தமக்கையார். எனக்கு உடனே விடை வரவில்லை.

1989 இன் சிறுவர் உரிமைகள் சமவாயம், கல்வியானது பிள்ளையின் சொந்த மொழியையும் வாழும் நாட்டின் விழுமியங்களையும் ஒருங்கே மதிக்கச் செய்ய வேண்டும் என்கின்றது. தன்னைப் பாதிக்கும் விடயங்களிற் பிள்ளையின் கருத்துக்கு வயதுக்கேற்ற மதிப்பளிக்கவேண்டும் என்றும் அது கூறுகின்றது. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒரே பக்கம் நிற்கும் என்று எண்ணியிருந்தேன்.

ஒன்றரை ஆண்டின் பின் அருகிலிருந்த பாடசாலையில் ஓர் இடம் வெறுமையாயிற்று. தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. பஸ் ஏற வேண்டியதில்லை. தமக்கையார் முதன்முறையாக மகளிடமே கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். தன் தோழி இங்குதான் இருக்கின்றாள் என்றாள். ஆங்கிலத்திற்றான் சொன்னாளாம். தமக்கையாருக்கு அனுப்பவென நான் எழுதத் தொடங்கிய நீண்ட கடிதம் பாதியில் நிற்கின்றது.