எச்சரிக்கையும் பொறுப்பும்: மீரியபெத்தை எழுப்பும் ஓர் அறவினா

ஆபத்தை முன்கூட்டி அறிந்தவன் அதனைப் பிறருக்கு அறிவித்துவிட்டால் அவனது கடமை முடிந்துவிடுகிறதா? அறிவிக்கப்பட்டவன் அதன்பின் தனக்கு நேர்வதற்கெல்லாம் தானே பொறுப்பாளி ஆகிவிடுகிறானா? மேலோட்டமாக நோக்குமிடத்து இவை எளிய வினாக்களே. ஆற்றில் வெள்ளம் பெருகுகிறது என்று கூறக் கேட்டும் இறங்கியவனுக்காக இரங்கலாமேயன்றிக் கூறியவனைக் குறைகூற முடியாது என்பது உலக வழக்கு. ஆயினும் இவ்வழக்கு எல்லா இடத்தும் பொருந்துவதன்று. எச்சரிக்கையைக் கேட்பவனுக்கு விலகிச் செல்ல ஒரு வழி உண்டு என்ற எடுகோள் இதனுள் மறைந்து கிடக்கிறது. அவ்வெடுகோள் பொய்யாகும் இடத்தில் எச்சரிக்கையின் அறப்பெறுமானம் யாது என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருளாகும். கிராமிய வாழ்வையும் சுற்றாடல் மாற்றத்தையும் ஆராய முற்படும் சமூகவியல் மாணவர் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது. ஊவா மாகாணத்தின் ஹல்துமுல்லைப் பிரதேசம் இதனை நம்முன் மிகக் கூர்மையாக வைத்திருக்கின்றது.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை 7.30 மணியளவில், ஹல்துமுல்லைப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தின் மேலிருந்த மலைச்சரிவு பெயர்ந்து இறங்கியது. மழையில் ஊறிய மண் லயன் வரிசைகளை மூடிக்கொண்டு கீழே சென்றது. பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர்தப்பினர். அவர்களுக்குத் திரும்பிச் செல்ல வீடு இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை. புதையுண்டோர் எத்தனை பேர் என்பதைக்கூட முதல் நாட்களில் எவராலும் திட்டமாகக் கூற முடியவில்லை. நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண்ணிக்கை பின்னர் 40க்கும் கீழே வந்தது. உடல்கள் பல மீட்கப்படவேயில்லை. ஒரு லயத்தில் எவரெவர் வாழ்ந்தனர் என்று நாடு கேட்பதற்கு அந்த லயம் அழிய வேண்டியிருந்தது.

இவ்வனர்த்தம் எவரும் எதிர்பாராதது அன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இவ்விடம் ஆபத்துடையது என்றும், குடியிருப்போர் வேறிடத்திற்கு மாற்றப்பட வேண்டும் என்றும் 2005 இலும் 2011 இலும் அறிவுறுத்தியிருந்தது. ஆகவே இவற்றை அறியாமையினால் நேர்ந்த மரணங்கள் என்று கூறுவதற்கில்லை. அறிவு இருந்த இடத்தில், அவ்வறிவு எழுத்தில் பொறிக்கப்பட்டபின் நேர்ந்த மரணங்கள் இவை. இதன் காரணமாகவே அனர்த்தத்தின்பின் இரு விளக்கங்கள் உடனடியாக எழுந்தன. ஒன்று, இயற்கையின் சீற்றம் என்பது. மற்றையது, எச்சரித்தும் மக்கள் வெளியேறவில்லை என்பது. இவ்விரண்டையும் தனித்தனியே பரிசீலித்தல் வேண்டும்.

முதலாவது விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். மழை இயற்கையே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் மழை விழுந்த மலை இயற்கை விட்டுவைத்த மலையன்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும், உரிமை நிரூபிக்கப்படாதவிடத்து முடிக்குரியனவாகக் கொண்டது. அவ்வழியே மலைநாட்டுக் காடுகள் விற்பனைப் பொருளாயின. காடு அழிந்து கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, அச்சரிவுகளிலேயே தேயிலை நடப்பட்டது. ஆழ வேரோடிய மரங்கள் பிடித்து நின்ற மண்ணை, அதன்பின் மனித உழைப்பே பிடித்து நிற்க வேண்டியதாயிற்று. கான் வெட்டுவதும், கான் துப்புரவு செய்வதும், கல்லணை கட்டுவதும் தேயிலை மலைகளில் வெறும் பராமரிப்பு வேலைகள் அல்ல. மழைநீரை நிலத்தினுள் இறங்கவிடாது வழிநடத்தி மலையை நிற்கச் செய்யும் வேலைகள் அவை. ஆட்குறைப்பும் செலவுக் குறைப்பும் முதலில் கைவைக்கும் வேலைகளும் இவையே. கான் தூர்ந்த சரிவில் நீர் உள்ளிறங்குகிறது, மண் கனக்கிறது, அடியிலுள்ள பாறைக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட பிடி தளர்கிறது. அத்தகைய சரிவின் அடிவாரத்தில் எவர் குடியிருப்பது என்பதை மழை தீர்மானிப்பதில்லை. லயன்கள் எங்கே கட்டப்பட வேண்டும் என்று தீர்மானித்தோர் அவற்றில் வாழ்ந்தோர் அல்லர். எனவே, சரிவு இயற்கை நிகழ்ச்சியாயினும் சாவு சமூக நிகழ்ச்சி என்பதே பொருந்தும். அமர்த்தியா சென் 1981 இல் வெளியிட்ட வறுமையும் பஞ்சங்களும் பற்றிய நூலில், பஞ்சம் என்பது உணவு இல்லாமையால் மட்டும் நேர்வதன்று, உணவைப் பெறும் உரித்து இல்லாமையால் நேர்வது என்று நிறுவினார். அவர் உணவு பற்றிக் கூறியதை நாம் நிலம் பற்றியும் கூறலாம். ஹல்துமுல்லையில் உறுதியான நிலம் இல்லாமல் இல்லை; அதன்மீது தோட்டத் தொழிலாளிக்கு உரித்து இருக்கவில்லை.

இரண்டாவது விளக்கம் இதனினும் நுட்பமானது, இதனினும் கொடியது. எச்சரித்தும் போகவில்லை என்ற கூற்றில் பொய் எதுவும் இல்லாதிருக்கலாம். ஆயினும் அது முழுமையற்ற கூற்று. ‘போய்விடு’ என்பது பாதி வாக்கியம். ‘இங்கே போ’ என்பதே அதன் மறுபாதி. தோட்டத்தில் லயன் அறை என்பது வாடகைக்குப் பெற்ற வீடுமன்று, உடைமையுமன்று. அது வேலையோடு பிணைக்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவரது பெயரேனும் செக்ரோலில் இருப்பதே அவ்வறையில் இருப்பதற்கான ஆதாரம். அறையை விட்டால் வேலை போகும். வேலை போனால் நாட்கூலி போகும். பிள்ளைகளின் பாடசாலையும், கோயிலும், நான்கு தலைமுறை உறவும் போகும். நிலமோ அரசுக்குரியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசின் கைக்கு வந்த தோட்டங்களின் நிருவாகம் 1992 முதல் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமை ஓரிடத்திலும் நிருவாகம் வேறிடத்திலுமாகப் பிரிந்தபோது பொறுப்பு இரண்டுக்கும் இடையில் விழுந்தது. பிரதேச சபையேனும் உதவியிருக்கலாமே என்று கேட்கலாம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அத்தடை 2018 இலேயே திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. மீரியபெத்தை புதைந்து நான்கு ஆண்டுகளின் பின்னரே அது நிகழ்ந்தது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டு, 2003 வரை அவ்வுரிமை முற்றாகத் தீராதிருந்த ஒரு மக்கட் கூட்டம், தன் விருப்பப்படி மலை மாறி வாழ்ந்திருக்கலாம் என எண்ணுவது வரலாற்றை மறந்து சிந்திப்பதாகும்.

அரிஸ்டோட்டில் தமது அறவியலில் புயலில் அகப்பட்ட கப்பலை எடுத்துக்காட்டுவார். கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் வீசுபவன் அதனை விரும்பிச் செய்கிறானா, விரும்பாமல் செய்கிறானா? இரண்டும் கலந்த செயல் அது என்பது அவர் முடிவு. அந்த மாலுமிக்கு வீசுவதற்குச் சரக்கேனும் இருந்தது. சரக்கை வீசியபின் கப்பல் எஞ்சியது. லயன் அறையில் வாழ்ந்தவரோ தம்மைக் காத்துக்கொள்ள வீச வேண்டியிருந்தது தாம் ஏறியிருந்த கப்பலையே. அத்தகைய தெரிவைத் தெரிவு என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி.

இங்கு ஒரு மறுப்பு எழுதல் கூடும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. இவ்வாறெல்லாம் கூறுவது தொழிலாளரைச் சுயசிந்தனையற்ற பாவைகளாக ஆக்கிவிடாதா? அவர்களும் அறிவுடையோரே, மலை வெடித்திருப்பதையும் ஊற்று நிறம் மாறியிருப்பதையும் அதிகாரிகளுக்கு முன்னரே காணக்கூடியவர்கள் அவர்களே. அவ்வாறாயின் தங்கியிருந்ததில் அவர்களுக்குப் பங்கே இல்லையா? விடை இதுவே: அவர்கள் சிந்தியாமல் தங்கவில்லை, சிந்தித்தே தங்கினர். இன்றைய பசி உறுதியானது. நாளைய சரிவு உறுதியற்றது. உறுதியான துன்பத்தையும் உறுதியற்ற அழிவையும் தராசில் இட்டுப் பார்க்கும் நிலையில் நிறுத்தப்பட்ட எவரும் அவ்வாறே முடிவு செய்திருப்பர். அம்முடிவின் அறிவுடைமையை மதிப்பதும், அத்தராசைக் கையில் கொடுத்தவரைப் பொறுப்புக் கூறச் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பிழை அவர்களது கணிப்பில் இல்லை. கணிக்க வேண்டிய நிலைமையைப் படைத்ததிலேயே இருந்தது.

இவ்விடத்தில் சமூகவியல் என்ற நமது பயில்துறையின் நிலையை நோக்குதல் தகும். இலங்கையில் இத்துறைக்கு வித்திட்டவருள் ஒருவரான பிறைஸ் றயனும், புல் எலியாவை ஆராய்ந்து 1961 இல் நூலாக வெளியிட்ட எட்மண்ட் லீச்சும் கிராமத்தையே தம் களமாகக் கொண்டனர். நிலவுரிமையை அறிந்தால் உறவுமுறையை அறியலாம் என்பது லீச் கற்பித்த பாடம். நிலவுரிமையே இல்லாத சமூகத்தை அப்பாடத்தைக் கொண்டு எவ்வாறு அறிவது? நமது புள்ளிவிபரங்களும் நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாக நாட்டைப் பிரிக்கின்றன. 2012 ஆம் ஆண்டின் குடித்தொகை மதிப்பில் தோட்டத்துறையினர் 4.4 வீதத்தினர். கிராமமாகவும் கொள்ளப்படாது நகரமாகவும் ஆகாது நிற்கும் இம்மூன்றாம் பிரிவு, வெறும் கணக்கீட்டு வசதிக்கான பிரிவன்று. தோட்டம் வேறு, நாடு வேறு என்ற பழைய எண்ணத்தின் தொடர்ச்சி அது. கிராமிய மாற்றத்தைப் பயில்வோர் அந்த எல்லைக்கோட்டை ஏற்றுக்கொண்டே ஆய்வைத் தொடங்குவாராயின், ஆராய வேண்டியதன் பாதியைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுவர்.

ஆய்வாளர் விழுமியச் சார்பு கொள்ளலாகாது என்பது மாக்ஸ் வெபர் வழிவந்த கோட்பாடு. இதனைக் காட்டி, பொறுப்பு யாருடையது என்று கேட்பது சமூகவியலின் வேலையன்று எனச் சிலர் வாதிடுவர். வெபர் தடுத்தது, விரும்பியதை உண்மையென்று கூறுவதையே. உண்மையைக் கூறாமல் விடுவதை அவர் அறமென்று கூறவில்லை. எந்த ஆண்டில் எந்த அலுவலகம் எதனை அறிந்திருந்தது, அதனை யாரிடம் கூறிற்று, நிலத்தை மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பன விழுமியங்கள் அல்ல. அவை நிகழ்வுகள், ஆராய்ந்து அறியத்தக்கவை. தனிமனிதனின் இடரைப் பொதுப் பிரச்சினையாக இனங்காண்பதே சமூகவியல் நோக்கு என்று 1959 இல் ஸி. றைற் மில்ஸ் எழுதியதன் பொருளும் இதுவே. லயன்வாசிகளின் ‘பாதிப்புறு நிலை’யை அட்டவணைப்படுத்தும் ஆய்வு, அந்நிலையை ஆக்கியோரின் அதிகாரத்தையும் அவ்வாறே அட்டவணைப்படுத்தாவிடின், 2005 இலும் 2011 இலும் எழுதப்பட்டவற்றோடு சேரும் மற்றொரு காகிதமாகவே அது அமையும்.

பிற நாட்டு அனுபவம் ஒன்று இதனைத் தெளிவாக்கும். 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி வேல்ஸ் நாட்டின் அபர்பான் என்னும் சுரங்கக் கிராமத்தின்மீது நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பாடசாலையை மூடியது. இறந்தோர் 144 பேர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். அங்கும் முன்கூட்டியே முறைப்பாடுகள் எழுந்திருந்தன. ஆயினும் 1967 இல் அறிக்கையிட்ட விசாரணை மன்றம், பழியைத் தேசிய நிலக்கரிச் சபையின்மீது பெயர்சுட்டியே சுமத்தியது. அதன்பின்னும் எவரும் தண்டிக்கப்படவில்லை என்பது உண்மையே. எனினும், மரணத்திற்கு மழை காரணமாகலாம், ஆனால் மழை பொறுப்பாளி ஆகாது என்னும் வேறுபாட்டை அம்மன்றம் நிலைநாட்டியது. காரணமும் பொறுப்பும் வேறு வேறு என்ற இத்தெளிவே நம்மிடையே அருகியிருக்கின்றது. 2020 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இரவு கேரளத்து மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயங்கள்மீது மலை சரிந்து, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைக் கொண்டுசென்றது. நாடு வேறு, சட்டம் வேறு. சரிவின் கீழ் வரிசையாக நின்ற வீடும் அதில் உறங்கியோரும் ஒருவகையினரே. இதனைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

மீரியபெத்தையில் எஞ்சியோர் நெடுநாள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கியிருந்து, 2016 இல் 75 புதிய வீடுகளைப் பெற்றனர். இது போற்றத்தக்கதே. ஆயினும் 2014 இன்பின் கிடைத்த நிலம் 2005 இலும் அங்கேயே இருந்தது என்பதை மறக்கலாகாது. இல்லாதிருந்தது நிலமன்று, அதனைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம். அக்கட்டாயத்தை மரணமே உண்டாக்கிற்று என்றால், எச்சரிக்கைக்கு நாம் கொடுத்திருக்கும் மதிப்பு எவ்வளவு என்பது விளங்கும். 2023 மார்ச் 19 ஆம் திகதி பூனாகலைக் கபரகலையில் மீண்டும் மண் சரிந்து லயன்கள் அழிந்தன. 2025 நவம்பரில் தித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது மலைநாட்டு மாவட்டங்களே பேரிழப்பைச் சந்தித்தன. பதுளை அவற்றுள் ஒன்று. வரைபடங்கள் பெருகியுள்ளன, மழைமானிகள் பெருகியுள்ளன, எச்சரிக்கைகள் இன்று கைத்தொலைபேசிக்கே வந்து சேர்கின்றன. அறிவு வளர்ந்த அளவிற்குப் பொறுப்பும் வளர்ந்திருக்குமாயின் நாம் ஆறுதல் கொள்ளலாம்.

ஆக, இக்கட்டுரையின் முடிவு இதுவே. எச்சரிக்கை என்பது பொறுப்பைக் கேட்பவன் தோளுக்கு மாற்றும் கருவியன்று. அறிந்தவனை அது முதலில் கட்டுப்படுத்துகிறது. மாற்றும் வலிமை உடையவனை அதனினும் மிகுதியாகக் கட்டுப்படுத்துகிறது. போக இடமற்றவனை அது கட்டுப்படுத்துவதே இல்லை. பல்கலைக்கழகத்தில் பயிலும் நாமும் அறிந்தோர் வரிசையிலேயே நிற்கிறோம். மலைநாட்டுச் சரிவொன்றிற்குக் களஆய்வுக்காகச் செல்லும் மாணவர், ‘நீங்கள் ஏன் இன்னும் இங்கே இருக்கிறீர்கள்?’ என்று லயன் வாசலில் நின்று கேட்குமுன், அவர்கள் இருக்கத்தக்க வேறிடத்தைத் தரவல்லவர் யார், அவர் ஏன் இன்னும் தரவில்லை என்னும் வினாவை உரிய வாசலில் கேட்டிருத்தல் வேண்டும். முன்னைய வினா தகவல் திரட்ட உதவும். பின்னைய வினாவே சமூகவியலை அறத்தோடு இணைக்கும்.