லோடு வண்டியின் விரிப்பும் மூடியும்: பேணல் எப்போது பற்றாகிறது?

உடைமையைப் பேணுவது கடமையா, பற்றா என்ற கேள்வியை இந்தியச் சமயங்கள் ஒவ்வொன்றும் தன் வழியில் ஆராய்ந்திருக்கின்றன. துறவியின் திருவோட்டைப் போலவே குடும்பஸ்தரின் லோடு வண்டிக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல் மூட்டை, கரும்பு, காய்கறி, மணல், செங்கல் என எல்லாம் சிறிய வண்டிகளில்தான் நகர்கின்றன. 2005-இல் சந்தைக்கு வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸும், அதைவிடப் பெரிய பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவையும் இவ்வகை. இவற்றின் பாடிக்கு உள்விரிப்பும் மேல்மூடியும் தேர்ந்தெடுக்கும்போது, எதை, யாருக்காக, எந்த அளவுக்குக் காப்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

காப்பில் மூன்று வகை உண்டு. உள்விரிப்பு, சரக்கிடமிருந்து வண்டியைக் காக்கிறது. அதன் பயன் உரிமையாளருக்கு. மூடி, மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் சரக்கைக் காக்கிறது. அதன் பயன் சரக்கை நம்பி ஏற்றிவிட்டவருக்கு. அதே மூடி, பறக்கும் மணலிலிருந்தும் சரியும் செங்கல்லிலிருந்தும் சாலையில் போவோரைக் காக்கிறது. அதன் பயன் முகம் தெரியாதவருக்கு. முதலாவது தன்னலம், இரண்டாவது ஒப்படைத்த பொருளுக்கான பொறுப்பு, மூன்றாவது உயிர்களிடத்துக் கடமை.

உள்விரிப்பில் பல தரம் உண்டு. பாலியூரியா, பாலியூரித்தேன் பூச்சைத் தெளித்தால் அது தகட்டோடு ஒட்டி ஒன்றாகிவிடும். தெளிக்கும் முன் துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, தகட்டைச் சொரசொரப்பாக்க வேண்டும். தவறினால் பூச்சு உரியும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தொட்டியை அப்படியே உள்ளே இறக்கி வைப்பது இன்னொரு முறை. செங்கல்லும் கருங்கல்லும் விழுந்தாலும் அது தாங்கும். ஆனால் அதற்கும் தகட்டுக்கும் நடுவே மணலும் நீரும் புகும். வண்டி குலுங்கக் குலுங்க மணல் பெயிண்டைத் தேய்க்கும். தேய்ந்த இடத்தில் தங்கும் ஈரம் துருவை வளர்க்கும். ரப்பர் விரிப்பு மலிவானது, மூட்டை வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அதைத் தூக்கிக் கழுவி, தகட்டையும் காயவிடலாம். கடல் தொலைவில் இல்லாத பாகூர்ப் பகுதியில் உப்புக் காற்று துருவை விரைவுபடுத்துவதால், கழற்றிக் காயவைக்க முடிவது தனிச் சிறப்பு.

மூடியைச் சரக்கும் பருவமும் தீர்மானிக்கின்றன. கான்வாஸ் தார்ப்பாய் கனமானது, நனைந்தால் மேலும் கனக்கும். ஆனால் காற்று ஓரளவு புகும். சில்பாலின் போன்ற பிளாஸ்டிக் பாய் இலேசானது, நீர் புகாதது. வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். காய்கறியை அதில் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்து அழுகும். அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு என்பதால், ஒரு மழையில் நனைந்த மூட்டை விவசாயியின் ஒரு பருவ உழைப்பையே கேள்விக்குள்ளாக்கும். இங்கு ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் பெய்தது. வில்லியனூரின் புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் சிற்பங்களுக்கோ மழையைவிட அதிர்ச்சியே எதிரி. அவற்றுக்கு மேல்மூடியைக் காட்டிலும் அடியில் பரப்பும் வைக்கோல் முக்கியம்.

கருவியைப் பேணுவதை மரபு இழிவாகக் கருதியதில்லை. ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு வாழைக்கன்று கட்டுவது, சோறு போடும் கருவிக்குச் செய்யும் மரியாதை. துறவியின் உடைமைக்கும் இந்த அக்கறை விலக்கல்ல. பௌத்தத் துறவியருக்கான விதிகளைக் கூறும் விநயபிடகத்தின் சுல்லவக்கத்தில் பிச்சைப் பாத்திரம் பற்றிய பகுதி இதற்குச் சான்று. பாத்திரத்தின் அடி தேய்வதைக் கண்டு, கீழே வட்டத் தகடு வைக்கப் புத்தர் அனுமதித்தார். சில துறவிகள் அதைப் பொன்னிலும் வெள்ளியிலும் செய்துகொண்டபோது அதைத் தடுத்து, வெள்ளீயம், காரீயம் இரண்டை மட்டும் அனுமதித்தார். தகட்டில் உருவம் செதுக்குவதும் விலக்கப்பட்டது. பாத்திரத்தை ஈரத்தோடு எடுத்து வைக்கக் கூடாது, காயவைத்தே வைக்க வேண்டும் என்றும் விதி உண்டு. அதை வைக்கப் பைக்கும் அனுமதி உண்டு. ஆக, அடிக்காப்பும் உறையும் துறவுக்கு முரணல்ல. காப்பே அணிகலனாக மாறுவதுதான் முரண்.

சமணம் இந்த எல்லையை மனத்தில் வைக்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், உடைமை என்ற குற்றத்தைப் பொருளின் இருப்பால் அளக்காமல், அதன்மேல் கொள்ளும் மயக்கத்தால் அளக்கிறது. விழுப்புரம் மாவட்டம் மேல்சித்தாமூரில் மடம் கொண்டுள்ள தமிழ்ச் சமணருள் இல்லறத்தார் ஏற்கும் விரதமும் உடைமைக்கு அளவு வகுப்பதுதான். அறவே துறப்பது முனிவர்க்கே உரியது. கீறல் விழுமே என்று செங்கல் ஏற்ற மறுக்கும் வண்டிக்காரரிடம் இந்த மயக்கத்தைக் காணலாம். விலையுயர்ந்த பூச்சு அடித்துவிட்டுக் கவலையின்றி எல்லாச் சரக்கும் ஏற்றுபவரிடம் அது இல்லாமலும் இருக்கலாம்.

சைவ சித்தாந்தம் கேள்வியை இன்னும் ஆழமாக்குகிறது. திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை முதலாகக் கொண்ட இம்மரபில், உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலம் அதைப் பற்றியிருப்பதற்குச் செம்பில் களிம்பு உவமை. மலம் வெளியிலிருந்து ஒருநாள் வந்து ஒட்டியதன்று, உடன்பிறந்தது. இரும்பின் இயல்பும் இதற்கு நெருக்கமானது. ஆக்சைடு தாதுவிலிருந்து உருக்கிப் பிரித்த இரும்பு, நீரும் காற்றும் கிடைத்தவுடன் பழைய நிலைக்கே திரும்ப முயல்கிறது, அதுவே துரு. எந்தப் பூச்சும் அந்த இயல்பை மாற்றுவதில்லை, அடக்கி மட்டும் வைக்கிறது. முத்தியிலும் மலம் அழிவதில்லை, அதன் சக்தியே அடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் நிலைப்பாடு. இறைவனின் ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று. உயிர் பக்குவப்படும்வரை மறைத்து நடத்துவதால் அதையும் அருளென்றே கொள்வர். பக்குவத்துக்கு உதவும் மறைப்பு அருள். பிளாஸ்டிக் தொட்டி துருவை மறைப்பதில் அந்த அருள் இல்லை. பளபளப்பைக் காட்டி உள்ளே அழிவை வளர்ப்பது அது. நல்ல காப்பு, தான் காக்கும் பொருளைப் பார்க்கவும் கழுவவும் இடம் தரும்.

தமிழ் மரபு எதிர்முனையையும் போற்றியிருக்கிறது. பாரி தன் தேரை முல்லைக்கொடிக்கு விட்டுக் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை அளித்தான். வண்டியும் போர்வையும் பயன் கருதாது கொடுக்கப்பட்ட இச்செயல்களைக் கொடைமடம் என்பர். கடனுக்கு வாங்கிய வண்டியின் தவணையைக் கட்டுபவருக்கு அது வழியாகாது. ஆனாலும், தேரைவிடத் தேரால் ஆகும் நன்மை பெரிது என்ற அதன் நியாயம் அவருக்கும் பொருந்தும்.

இவற்றிலிருந்து தேர்வுக்கான வரிசை கிடைக்கிறது. சாலையில் வருவோரைக் காக்கும் மூடியும் கயிறும் முதலில். மணலோ ஜல்லியோ ஏற்றுபவருக்கு இது விருப்பத் தேர்வன்று. ஒப்படைத்த சரக்குக்கேற்ற மூடி அடுத்து: நெல்லுக்கு நீர் புகாதது, காய்கறிக்குக் காற்று புகுவது, சுடுமண்ணுக்கு மெத்தென்ற அடி. வண்டிக்கான உள்விரிப்பு மூன்றாவது. அதிலும் கழற்றிக் காயவைக்கக் கூடியதோ, தகட்டோடு முழுமையாக ஒட்டியதோ ஏற்றது. காப்பின் எடையும் ஏற்றும் எடையில் சேரும். அளவு மீறினால் அது சரக்கின் இடத்தைத் தின்னும். பயன்பாட்டை நீட்டிக்கும்வரை பேணல் கடமை. பயன்பாட்டைத் தடுக்கும் இடத்தில் அது பற்று.