அடுத்தவர் என்னும் அளவுகோல்

நகைச்சுவைப் படத்தை முதன்முறை காணும்போது சிரிப்பு முந்திக்கொள்கிறது. மறுமுறை காணும்போதுதான் சிந்தனைக்கு இடம் கிடைக்கிறது. ஸ்தீபன் சோவும் கோங் லீயும் நடித்து 1993ஆம் ஆண்டில் ஹாங்காங்கில் வெளிவந்த, 'தாங் போஹூ சியூசியாங்கைத் தேர்ந்தெடுத்தல்' என்று பொருள்படும் பெயருடைய சீனப் படம் அவ்வகையைச் சேர்ந்தது.

கதைத் தலைவன் முற்றிலும் கற்பனை மனிதன் அல்லன். தாங் போஹூ எனப்படும் தாங் யின், 1470இல் சூசோவ் நகரில் பிறந்த ஓவியர், கவிஞர். அவர் ஒரு பணிப்பெண்ணின் புன்னகையில் மயங்கி, அவள் வாழ்ந்த மாளிகையில் வேலையாளாய்ப் புகுந்தார் என்பது பிற்காலத்தார் புனைந்த கதை. ஃபெங் மெங்லோங் 1624இல் வெளியிட்ட தொகுப்பில் அக்கதையைக் காணலாம்.

படத்தில் தாங் போஹூ சியூசியாங்கை முதலில் காணும்போது அவள் அவனுக்குச் சாதாரணப் பெண்ணாகவே தோன்றுகிறாள். அருகிலுள்ள மற்றப் பெண்கள் திரும்பி முகம் காட்டியதும், அவர்களின் அழகின்மைக்கு நடுவே அவள் தேவமகளாகி விடுகிறாள்! அவள் மாறவில்லை, அவளைச் சுற்றியிருந்தவர்களே அளவுகோலாயினர். பின்னர் அவன் தன்னை விற்றேனும் மாளிகையில் நுழைய முயலும்போது, இன்னொருவனும் தன் துயரத்தைக் கடைவிரிக்கிறான். யார் துயரம் பெரிது என்ற போட்டி தொடங்குகிறது. மிதிபட்ட கரப்பான்பூச்சிக்காகவும் தாங் போஹூ உற்ற தோழனை இழந்தவன்போல் அழுகிறான். அரங்கு சிரிக்கிறது. ஆனால் இரு காட்சிகளும் சொல்வது ஒன்றே: அழகும் துன்பமும் அடுத்தவரை வைத்தே விலை பெறுகின்றன.

ஒப்பிடுதல் தீதா? ஒப்பிடாமல் அறிவு இல்லை என்பர் சிலர். உண்மைதான். நீளத்தையும் எடையையும் ஒப்பிட்டே அறிகிறோம்; நல்ல கட்டுரை எது என்பதையும் மாணவன் ஒப்பிட்டே கற்கிறான். ஆனால் செயலை ஒப்பிடுவது வேறு. ஆளை ஒப்பிடுவது வேறு. 'இக்கட்டுரையைவிட அக்கட்டுரை தெளிவானது' என்பது கல்வி. 'உன்னைவிட அவன் மேலானவன்' என்பது தீர்ப்பு. முன்னது திருத்தும்; பின்னது ஒருவனைக் குனிய வைத்தே மற்றவனை நிமிர்த்தும். அவ்வாறு நிமிர்ந்தவனுக்கும் அது நிலையான உயரம் அன்று. தன்னினும் வல்லவன் வந்து நின்றால் அவனும் குறுகிப்போவான்.

இதற்கு வரலாற்றுத் தாங் யின்னின் வாழ்க்கையே சான்று. 1498இல் நான்ஜிங்கில் நடந்த மாநிலத் தேர்வில் அவர் முதல்வராகத் தேறினார். மறு ஆண்டு தலைநகரில் தேர்வு முறைகேட்டு வழக்கில் சிக்கினார். அரசுப்பணிக்கான வழி அடைபட்டது. பின்னர் ஓவியம் விற்று வாழ்ந்து, 1524இல் மறைந்தார். தேர்வு தந்த முதலிடம் ஓராண்டில் பயனற்றுப் போயிற்று. தூரிகை தந்த இடமோ 500 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது.

ஆசிரியப் பெருமக்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, ஒப்பிடும் நாக்குப் போகவில்லை. 'உன் அக்காளைப் பார்', 'பக்கத்து வீட்டுப் பையனைப் பார்' என்னும் சொற்கள் வகுப்பிலும் வீட்டிலும் இன்றும் ஒலிக்கின்றன. அச்சொல்லைக் கேட்கும் குழந்தை தன் குறையை அறிவதில்லை. அக்காளை வெறுக்கத்தான் அறிகிறது. நேற்று மூன்று பிழைகளுடன் எழுதிய சிறுவன் இன்று இரண்டு பிழைகளுடன் எழுதினால், அவனை அவனுடைய நேற்றோடு ஒப்பிடுவோம். அந்த ஒப்பீட்டில் தோற்பவர் எவரும் இலர்.

படத்தின் இறுதிப் பகுதியில், முகம் மறைத்து நிற்கும் பெண்களுள் சியூசியாங் யாரென்று தாங் போஹூ கண்டறிய வேண்டும். அவன் கையாளும் உபாயம் நகைச்சுவைக்கு உரியது. அந்தச் சோதனை எழுப்பும் கேள்வியோ நமக்கு உரியது. முகங்கள் மறைந்துவிட்டால் ஒப்பிட வழியில்லை. ஒருவரை உள்ளபடி அறிந்தவர்க்கே அவரை இனங்காண இயலும். நம் வகுப்பிலுள்ள முப்பது பிள்ளைகளை, வரிசை எண்ணையும் புள்ளியையும் மறைத்துவிட்டு, நம்மில் எத்தனை பேரால் இனங்காண முடியும்?