அடக்கம் யாருக்கு?

நற்செயல் புரிந்தேன், ஆகவே ஆண்டவன் எனக்குக் கடன்பட்டான் என்று எண்ணுவது ஆணவம். மீட்பு என்பது மனிதன் ஈட்டும் கூலியன்று, இறைவன் அளிக்கும் கொடை. இதுவே கிறித்தவம் கூறும் அருட்கொள்கை. இதனை முழங்கியவர்களுள் முதல்வர் ஜெர்மனியின் மார்ட்டின் லூதர்.

1517-இல் விட்டன்பர்க் நகரிலே அவர் கேட்டார்: பாவமன்னிப்புச் சீட்டுக்கு விலையா? ரோமாபுரியில் பேராலயம் எழும்ப ஏழையின் காசா? கேள்வி கூரியது, நாம் கைதட்டி வரவேற்கிறோம்.

ஆனால் 1525-இல் நடந்ததென்ன? மெம்மிங்கன் நகரிலே குடியானவர்கள் பன்னிரண்டு கோரிக்கைகள் தீட்டினர். கிறிஸ்து அனைவரையும் மீட்டாரெனில் நாங்கள் மட்டும் பண்ணையடிமைகளா என்றனர். லூதரோ, ஆன்ம விடுதலை வேறு, அடிமை விடுதலை வேறு என்றார். கிளர்ந்தெழுந்தோரை வாளால் அடக்குமாறு பிரபுக்களுக்கு எழுதினார். பல்லாயிரவர் மாண்டனர். போப்பின் முன் நிமிர்ந்த தலை, பிரபுக்களின் பக்கம் சாய்ந்தது!

அடக்கம் நற்பண்புதான். ஆனால் உழுபவனுக்கு மட்டும் அதை ஓதி, உடையவனை விட்டுவிட்டால் அது அறமன்று, விலங்கு.

நாம் அருளை நம்புவோர் அல்லர். எனினும் அக்கொள்கையில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. ஆற்றிய தொண்டைக் கணக்கெழுதி, மாலைக்கும் மேடைக்கும் ஏங்கினால், நாமும் சீட்டு வாங்கியவர்களே அன்றோ!

தொண்டுக்குப் புகழைக் கூலியாகக் கேளோம். உரிமையை எவரிடமும் அருளாக இரவோம்.