உழைப்போரின் சிறு சுகங்கள்

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லார்சன் அண்ட் டூப்ரோ என்னும் பெருநிறுவனத்தின் தலைவர் எஸ். என். சுப்ரமணியன் தம் ஊழியர்களிடையே பேசுகையில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர்களை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தம் தெரிவித்து, வாரத்திற்குத் தொண்ணூறு மணி நேரம் உழைப்பதே சிலாக்கியம் என்று உபதேசித்ததோடு, வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்று பரிகாசமாகவும் வினவினார் என்ற செய்தி வெளியாகி, நாடெங்கும் பெரும் சலசலப்பை உண்டாக்கிற்று. அதற்கு முன்னர், 2023 அக்டோபரில், இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியரும் ஜப்பானியரும் உழைத்த உழைப்பை எடுத்துக்காட்டி, நம் இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று கூறியிருந்தார். எழுபது தொண்ணூறாக வளர்வதற்குப் பதினைந்து மாதங்களே தேவைப்பட்டன. வாரத்திற்கு இருப்பதே 168 மணி நேரந்தான் என்பதொன்றே இப்போதைக்கு நமக்கு ஆறுதல்.

இவ்விரு பெரியவர்களும் தீய எண்ணத்தால் பேசினார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அவர்கள் வாக்கில் மறைந்துகிடக்கும் ஒரு கொள்கை தீர விசாரிக்கத்தக்கது. உத்தியோகத்தில் இருப்பவன் பருகும் ஒரு குவளைத் தேநீர், பக்கத்து மேஜைக்காரனோடு பேசும் நான்கு வார்த்தை, ஞாயிறன்று பிற்பகலில் போடும் தூக்கம், மாலையில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை நடக்கும் நடை ஆகிய அற்ப சுகங்களெல்லாம் முதலாளியின் தயவால் கிடைக்கும் தானமா, அல்லது உழைப்பவனுக்கு இயல்பாக உரிய பாத்தியதையா என்பதே கேள்வி. பாத்தியதைதான். அதை அபகரிப்பது, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்துகொள்வதற்கு எவ்விதத்திலும் குறைந்த குற்றமாகாது.

தொண்ணூறு மணி நேரம் என்பதன் பொருளைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்த்தால் திகைப்பு ஏற்படும். வாரத்தில் ஒரு நாளும் விடாமல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரத்திற்கு ஒட்டிய வேலை அது. மிஞ்சிய 78 மணியில், நாளைக்கு ஏழு மணி உறக்கத்திற்கு 49 மணி கழிய, தாம்பரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ ரயிலேறியும் பஸ் பிடித்தும் வந்து போவதற்கு நாளைக்கு இரண்டு மணி வீதம் பதினான்கும் கழிந்தால், எஞ்சுவது பதினைந்தே மணி நேரம். குளிப்பதும், உண்பதும், தாய் தந்தையரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், பிள்ளையின் கணக்கு நோட்டைப் பார்ப்பதும், கல்யாணத்திற்கும் துக்கத்திற்கும் தலைகாட்டுவதும் இந்தப் பதினைந்துக்குள் அடங்க வேண்டும். மனைவியின் முகத்தைப் பார்க்க இதில் எவ்வளவு நேரம் தேறும் என்பதை வினவியவரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

அந்த முகத்தைப் பார்ப்பதைப் பரிகசித்த சொல்லுக்குத் தமிழ் இலக்கியம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை வைத்திருக்கிறது. முல்லை என்று ஒரு திணை முழுவதையும் நம் முன்னோர் எதற்காக ஒதுக்கினார்கள்? அரசன் ஏவிய வினையை முடித்த தலைவன், கார்காலம் தொடங்கிவிட்டதே, அவள் காத்திருப்பாளே என்று பதைத்து, தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் வேண்டிக்கொண்டு வீடு திரும்புவதைப் பாடுவதற்கன்றோ? அகநானூற்றில் நான்கில் முடியும் எண்ணுடைய நாற்பது பாடல்களும் முல்லை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு அதற்கே உரியது. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய நூற்றின் முதற்பத்தில், கணவனும் மனைவியும் நடுவே புதல்வனுமாக இன்புற்றிருக்கும் காட்சியைக் கண்டு செவிலித்தாய் பூரித்துப்போய் நற்றாயிடம் வந்து சொல்கிறாள். இத்தலைவர்கள் சோம்பேறிகளல்லர்; போர் வென்று மீள்பவர்கள். அவர்களுடைய வினைக்கு எல்லை உண்டு என்பதை அவர்களை ஏவிய வேந்தனும் அறிந்திருந்தான். வேந்தன் பொருட்டுப் பிரியும் பிரிவு ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்று தொல்காப்பியர் கற்பியலில் வரம்பு கட்டியிருக்கிறார். முடியுடை வேந்தனுக்கே கால வரம்பு விதித்த இலக்கணம் நம்முடையது.

அதே தொல்காப்பியர், மெய்ப்பாட்டியலில், துன்பம் கலவாத உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று கூறி, செல்வத்தையும் அறிவையும் கூடலையும் எண்ணிய வரிசையிலேயே விளையாட்டையும் எண்ணியிருப்பது ஊன்றி நோக்கத்தக்கது. வடமொழி நூல்களின் சம்மதமும் இதற்கு உண்டு. அரசியலைக் கடுமையாக வகுத்தவர் என்று பெயர் பெற்ற கௌடில்யர், பகலை எட்டாகவும் இரவை எட்டாகவும் பகுத்து மன்னனுக்கு நித்திய கர்மங்களை விதிக்கையில், பகலின் ஆறாம் பாகத்தில் அவன் தன் மனம்போல் பொழுது போக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார். ராஜ்ய பாரத்தைச் சுமந்தவனுக்கு அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு, ரசீது எழுதுபவனுக்கு மறுக்கப்படுவது எந்த சாஸ்திரத்தில் உள்ள நியாயம்? பலனை எதிர்பாராமல் கர்மம் செய் என்னும் கீதோபதேசத்தைத் தொழிலதிபர்கள் தம் சிப்பந்திகளுக்கு எடுத்தோதுவது அடிக்கடி நிகழ்வது. ஆண்டிறுதியில் லாபக் கணக்குப் பார்க்கும்போது அந்த சுலோகம் அவர்களுக்கு நினைவு வருவதாகத் தெரியவில்லை. போகட்டும். அதே கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், ஆகாரமும் விளையாட்டும் உறக்கமும் விழிப்பும் அளவோடு அமைந்தவனுக்கே யோகம் சித்திக்கும் என்று கண்ணன் அருளியிருப்பதையும் அவர்கள் சேர்த்தே வாசிக்கட்டும்.

நூல்களை விட்டுக் கண்ணெதிரே உள்ளதையே பார்ப்போம். வீடு கட்டும் இடத்தில் பதினொரு மணிக்குப் பையன் ஒருவன் தூக்குவாளியில் டீயும், செய்தித்தாளில் சுற்றிய வடையும் கொண்டுவருவான். அவன் தலை தெரிந்ததும் கொத்தனார் கரண்டியைச் சாந்துச் சட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, சாரத்திலிருந்து நிதானமாக இறங்குகிறார். சித்தாள் சும்மாட்டை அவிழ்த்து, அதனாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, மணல் குவியலின் நிழல் பக்கமாக உட்காருகிறாள். டீ ஆறுவதற்குள் ஊரில் பெய்த மழை, மகளுக்கு வந்திருக்கும் வரன், நேற்றுப் பார்த்த படம் ஆகிய அனைத்தும் பிரஸ்தாபிக்கப்பட்டுவிடுகின்றன. கால் மணி நேரத்தில் கரண்டி மறுபடியும் கைக்கு வந்துவிடும். இந்த டீக்குக் கணக்குப் பார்க்கிற வீட்டுக்காரரை எந்த மேஸ்திரியும் மதிப்பதில்லை. கூலியைப் பேசும்போதே அதுவும் பேசப்பட்டதாகத்தான் கட்டட வேலைக்காரர்களின் சம்பிரதாயம். குளிர்சாதனக் கட்டடங்களில், கதவருகே அட்டையைத் தேய்த்து ஊழியன் வெளியே போன நிமிஷமும் உள்ளே வந்த நிமிஷமும் குறிக்கப்படுகிற இக்காலத்தில், சித்தாளுக்கு உள்ள இந்த கௌரவம் படித்த உத்தியோகஸ்தனுக்கு இல்லாமற்போனது விபரீதமே.

ஏற்றம் இறைப்பவன் ஒருவன் பாடிய பாட்டில் ஓரடியைக் கேட்டு, அடுத்த அடி இன்னதாயிருக்கும் என்று ஊகிக்க மாட்டாமல் கம்பர் மயங்கி நின்றார் என்றொரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பாடியவன் பொழுது சாய்ந்ததும் பாட்டைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். கவிச்சக்கரவர்த்தி மறுநாள் காலை வரை காத்திருந்தார். கதையைச் சொல்வோர் கம்பரின் வியப்பையே பெரிதுபடுத்துவர். பொழுதானதும் தன் பாட்டுக்குப் போன அந்த உழவனையும் கொஞ்சம் மெச்சத்தான் வேண்டும். வேலையும் பாட்டும் ஒருங்கே நடந்தன. வேலைக்கு ஒரு முடிவும் இருந்தது.

இயந்திர ஆலைகள் வந்த பிறகுதான் அந்த முடிவு அழிந்தது. அதை மீட்பதற்கு மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. 1908-இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து வார விடுமுறையையும் கேட்டார்கள். 1918 ஏப்ரலில், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு. வி. கலியாணசுந்தரனாரும் பங்கேற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்கு மூலமான குறைகளுள் ஒன்று, பின்னி ஆலைகளில் நண்பகல் உணவுக்கு விடப்பட்ட நேரம் போதாது என்பது. சோற்றை நிம்மதியாக உண்ண வேண்டும் என்ற ஆசையிலிருந்து இந்நாட்டுத் தொழிற்சங்க இயக்கம் பிறந்தது என்றால் மிகையாகாது. 1919-இல் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இயற்றிய முதல் உடன்படிக்கையே நாளைக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்பது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அந்த 48-ஐ ஏற்றதோடு, ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு வேண்டுமென்றும், நின்றே வேலை செய்பவர் சற்று அமர ஆசனம் வேண்டுமென்றும், 250 பேருக்கு மேல் உள்ள ஆலையில் சிற்றுண்டிச்சாலை வேண்டுமென்றும் விதித்தது. தேநீரும் பெஞ்சும் சட்டப் புத்தகத்தில் ஏறியது சுலபமாக நடந்த காரியமன்று. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறி, பலத்த எதிர்ப்பினால் நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் பெறப்பட்டதையும் இங்கே நினைவுகூரலாம்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் ஒரு வார்த்தை கேட்பது முறை. மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்திருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்காகக் கிழவி ஒருத்தி வெயிலில் வரிசையில் நிற்கையில், நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிட்டு டீக்கடையில் ஒரு மணி நேரம் அரசியல் பேசும் குமாஸ்தா அறத்திற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒத்துக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்யாதவனுக்குச் சுகத்தைப் பற்றிப் பேசும் யோக்கியதை இல்லை. ஆனால், ஒரு சோம்பேறியைக் காட்டி ஆயிரம் உழைப்பாளிகளின் ஞாயிற்றுக்கிழமையைப் பறிக்க முற்படுவது நீதியாகாது.

சாகாட்டில் ஏற்றும் பண்டம் மயிலிறகே ஆனாலும், அளவு மிகுந்தால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறுகிறார். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றின் 184-ஆம் பாட்டும் அதையே வேறொரு விதமாகச் சொல்கிறது: நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும், யானையே வயலில் புகுந்தாலோ, தின்பதைக் காட்டிலும் காலால் மிதித்து அழிப்பதே மிகுதி. இறை வசூலிக்கும் அரசனுக்குச் சொன்னது, உழைப்பை வசூலிக்கும் முதலாளிக்கும் பொருந்தும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைக் காட்டிலும் பக்கவாதம் வரும் அபாயம் 35 சதவீதம் அதிகம். ஜப்பானியரை நமக்கு உதாரணமாகக் காட்டுவோர், அதிக உழைப்பால் நேரும் மரணத்திற்குக் 'கரோஷி' என்று அந்நாட்டில் தனிப் பெயரே வழங்குவதையும் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பெரிய சம்பளக்காரரின் தொண்ணூறு மணி நேரத்தைப் பற்றி இத்தனை ஆரவாரம் செய்த நாடு, அதற்கு ஏறக்குறைய நிகரான நேரம் நின்றுகொண்டே உழைப்பவர்களை வெகுகாலம் கண்டும் காணாமல் இருந்தது. சென்னை ரங்கநாதன் தெருவின் பெரிய ஜவுளிக் கடைகளைப் போன்ற ஒரு கடையில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் படும் அவஸ்தையை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010-இல் திரையில் காட்டியபோது பலர் கண்ணீர் விட்டார்கள். விட்டுவிட்டு அந்தத் தெருவிலேயே தீபாவளிக்குத் துணியும் எடுத்தார்கள். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கதவு சாத்தும் வரை, ஐம்பது புடவையை விரித்து, நாற்பத்தொன்பதை மடித்து, வாடிக்கையாளர் போன பின் அலமாரியில் ஒரு கணம் முதுகைச் சாய்த்தாலும் மேற்பார்வையாளரின் அதட்டலுக்கு ஆளாகும் பெண்ணுக்கு, கால் வீங்குவதும் நரம்பு சுருள்வதும் நாளடைவில் நிச்சயம். கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக 2018-இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கிற்று. 2021-இல் தமிழகமும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயம் என்று விதித்தது. உட்காருவதற்குக்கூட ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே. வந்த மட்டில் சந்தோஷம்.

ஆனால் சட்டம் கெஜட்டில் இருப்பது வேறு, முக்காலி கடையில் இருப்பது வேறு. ஆகையால், அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் புடவையின் ஜரிகையைப் பார்ப்பதற்கு முன்னால், மேஜைக்குப் பின்புறம் ஓர் இருக்கை போடப்பட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெண்ணிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அவளுக்குத்தான் வசவு விழும். நேரே கல்லாவுக்குப் போய், பணம் கொடுக்கும் முன்பாக, முதலாளியிடமே கேளுங்கள்.