"கர்த்தர் அப்படிச் சொல்லமாட்டார் தம்பி"

நானுஓயா ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். தகரத்தில் மழை அடித்தால் மைக்கே தோற்றுப்போகும். ஆனாலும் பாஸ்டர் கண்ணை மூடி "கர்த்தர் சொல்லுகிறார், மகளே" என்று தொடங்கிவிட்டால் கைக்குழந்தை தவிர எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

ஒரு ஞாயிறு அந்த 'மகளே' எங்கள் பக்கத்துக் காம்பரா அக்காவுக்கு வந்தது. கொழுந்தெடுப்பவர், பிரஷரும் சீனியும் உண்டு. விசுவாசம் பூரணமானால் குளிசை எதற்கு என்று வார்த்தை இறங்கியது. அல்லேலூயா எழுந்தது. அடுத்த கிளினிக் நாளன்று அக்கா வழக்கம்போலக் கொப்பியைப் பையில் சுருட்டிக்கொண்டு நுவரெலியா பஸ்ஸுக்கு நின்றார்.

"என்னக்கா, வேணாமின்னுதானே சொன்னாரு?"

"கர்த்தர் அப்படிச் சொல்லமாட்டார் தம்பி. ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன்னு அவருக்குத் தெரியாதா?"

பகுத்தறிவு பேசித் திரிகிற நான் வாயடைத்துப் போனேன். பெற்ற மகனைப் பலியிடச் சொன்ன குரலுக்கு ஆபிரகாம் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1798இல் எழுதினார்: என் பிள்ளையைக் கொல்லக்கூடாது என்பது எனக்கு உறுதி, பேசுவது கடவுள்தான் என்பது உறுதியில்லை. கான்டின் பெயரைக்கூடக் கேட்டிராத அக்கா அதையே பஸ் ஸ்டாண்டில் சொல்லிவிட்டுப் போனார்.

கடவுள் இன்றைக்கு எப்படிப் பேசுகிறார் என்று கிறிஸ்தவ நண்பர்களைக் கேட்டால் பல வழி சொல்வார்கள். வேத வசனம், கனவு, தீர்க்கதரிசனம், அந்நியபாஷை, மனதுக்குள் இறங்கும் ஒரு சமாதானம். பொய்க்குரலை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றால், வேதத்தோடு ஒத்துப் பார்ப்போம் என்பார்கள். ஆபிரகாமுக்கு வந்த கட்டளையும் அதே வேதத்தில்தானே இருக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போ, ஜெபமும் பண்ணு என்று சொல்கிற பாஸ்டர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களும் எந்த வசனத்தைப் பிடிப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். அக்கா வசனம் எதையும் புரட்டவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்து அளந்தார், குரல் தேறவில்லை. கடவுளின் பேச்சையே நிறுத்துப் பார்க்கிற தராசு கையில் இருக்கும்போது, அந்தப் பேச்சுக்காகக் காத்திருப்பது எதற்கு?

திருவல்லாவில் பாதிரியார் மகனாகப் பிறந்து இலங்கைக்கு வந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், தெய்வ சக்தி உண்டென்பவர்கள் மூடி ஒட்டிய உறைக்குள் இருக்கும் ரூபா நோட்டின் இலக்கத்தைச் சொன்னால் ஒரு லட்சம் தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் இறக்கும்வரை அந்தப் பணம் அவரிடமே இருந்தது. நான் அவ்வளவு கேட்கமாட்டேன். கேட்கிறவனுக்குச் சங்கடம் தருகிற ஒரு வார்த்தை வரட்டும், போதும்.

வெளிநாட்டு வேலை வரும், வரன் அமையும், கடன் தீரும் என்றெல்லாம் அந்தக் காம்பராவில் கேட்டிருக்கிறேன். "மகனே, இன்றைக்கு அவளுக்கு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளமாக்காதே" என்று ஒரு கணக்கப்பிள்ளைக்கு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. துரையின் பங்களாவுக்கும் அந்தக் குரல் ஏறியதாகச் சேதியில்லை. அறுவடைக்காரர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் கடவுளின் காதில் விழுந்தது என்று யாக்கோபின் நிருபத்தில் இருக்கிறது. அவர் கேட்டது சரி, பதில் யாருக்குப் போனது?

மீரியபெத்தையை நினைத்துக்கொள்கிறேன். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கை வராமல் இல்லை. இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. கனவிலும் வரவில்லை, அந்நியபாஷையிலும் வரவில்லை. மண்ணைப் பார்க்கத் தெரிந்தவர்கள் சொன்னது. உயிர் காக்கும் வார்த்தை என்று ஒன்று இருந்தால் அதுதான். சனங்களைக் குறை சொல்லி என்ன? எழும்பிப் போக அவர்களுக்குக் காணி யார் கொடுத்தது? கேட்டும் கேளாதிருந்தவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

அக்காவோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. மறு மாதம் பிரஷர் குறைந்துவிட்டது. ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னார். காம்பராவே ஸ்தோத்திரம் பண்ணியது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிழவிக்கும் அதே வியாதி, அதே குளிசை. ஆனால் அக்காவின் துணிச்சல் இல்லை.

"குளிசை போட்டதைச் சொன்னீங்களாக்கா?"

"அத யாரும் கேக்கலியே தம்பி."